ஆட்டைக் கடித்த மீட்பு நாய்: கயிறு யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வெறிநாய்கள் கடித்துக் குதறியதில் ஆடுகள் பலி' என்ற தலைப்பு நாளிதழ்களின் குமரி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. உள்ளே படித்தால், வெறிநோய்க்கு உரிய அடையாளம் ஒன்றுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. வெறிநோய் கண்ட நாய் பெரும்பாலும் எதிர்ப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு, போக்கிடம் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும். கொட்டிலுக்குள் நுழைந்து வரிசையாக நான்கு ஆட்டைச் சாய்த்துவிட்டு, விடியுமுன் வீடு திரும்பிச் சாதுவாகப் படுத்துக்கொள்வது நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நாய். அத்தகைய நாய்களில் சில, யாரோ இரக்கப்பட்டுத் தெருவிலிருந்து எடுத்து, புண் ஆற்றி, கருத்தடை செய்து, ஊசி போட்டு, 'ஓடி விளையாட நிறைய இடம் இருக்கிறது' என்று நம்பித் தோட்டத்து வீட்டுக்குக் கொடுத்தவை. இந்தக் கடிதம் அப்படித் தெருவிலிருந்து மீட்கப்பட்ட 'மீட்பு நாய்களை'ப் பற்றியது. இதை எழுதுகிறவர்களில் நாய் மீட்பில் இருப்பவர்களும் உண்டு, ஆடு வளர்ப்பவர்களும் உண்டு.

ஆட்டைக் கொன்ற நாய் என்ன ஆகிறது? நடைமுறையில் மூன்றில் ஒன்று. விஷம் வைக்கப்படுகிறது. அல்லது இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி ஆரல்வாய்மொழிக்கு அப்பாலோ மலையடிவாரத்திலோ இறக்கிவிடப்படுகிறது. அல்லது ஒன்றரை மீட்டர் சங்கிலியில் சாகும்வரை கிடக்கிறது. மூன்றுமே தவறு என்று சொல்லிவிட்டு ஆட்டுக்காரரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. எங்கள் கருத்து ஒன்றுதான்: தத்து கொடுக்கப்பட்ட நாள் முதல் அது தெருநாய் அல்ல, உடையவர் உள்ள நாய். அது செய்த சேதத்துக்கு அந்த வீடும், விவரம் சொல்லாமல் கொடுத்திருந்தால் கொடுத்தவரும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் கால்நடைகளை நாய்களிடமிருந்து காக்க 1953-லேயே தனிச் சட்டம் வந்தது. கால்நடையைத் தாக்கும் நாயைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சுட்ட விவசாயிக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் நாயைக் கொடூரமாகக் கொல்வதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு அப்படியல்ல. விலங்கை வேண்டுமென்றே விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை. நாயை அவிழ்த்துவிட்ட அலட்சியத்துக்கு 291-ஆம் பிரிவு இருக்கிறது. 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அது மனித உயிருக்கோ உடலுக்கோ வரும் ஆபத்தைத்தான் பேசுகிறது, ஆட்டுக்கு அதில் இடம் இல்லை. ஆக, நாய்க்கு விஷம் வைத்தவர் மீது வழக்கு வரும். ஆட்டைக் கொன்ற நாயின் சொந்தக்காரர் மீது அதே வேகத்தில் எதுவும் வராது. ஆட்டுக்காரருக்கு இது கசக்கத்தான் செய்யும். உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் இரண்டு ஆட்டுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்?

தெருநாய்களுக்கான 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாயைக் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தீராத நோயோ சாகும் நிலையில் காயமோ உள்ளவற்றைத்தான் கருணைக்கொலை செய்யலாம். வெறிநோய் சந்தேகம் உள்ளதைத் தனிமைப்படுத்த வேண்டும். 'ஆட்டைக் கடித்த நாய்' என்று ஒரு வகையே அந்த விதிகளில் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில் வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் திரும்ப விடக்கூடாது என்றது. ஆட்டைத் துரத்துவது அந்த ஆக்ரோஷத்தில் சேருமா என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்லலாம். அதே ஆண்டு, காங்கேயம், சென்னிமலை பக்கத்து விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின், தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அது தெருநாய்க்கு. பக்கத்து வீட்டு நாய் கடித்தால் பக்கத்து வீடுதான் தர வேண்டும். இங்கே ஒரு குழப்பம்: மீட்பு நாய்களில் பலவற்றுக்குக் காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டு இருக்கும். அதைப் பார்த்தவுடன் ஊரார் 'தெருநாய்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாய்க்குச் சொந்தக்காரரும் வாயைத் திறப்பதில்லை. காது வெட்டு கருத்தடை ஆனதைத்தான் காட்டும், உடையவர் இல்லை என்று காட்டாது.

அடுத்தது, கடித்தது நாய்தானா? பேச்சிப்பாறை, சிற்றாறு, கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் என்று மலையை ஒட்டிய ஊர்களில் இந்தக் கேள்வி விளையாட்டல்ல. 2023-இல் சிற்றாறு, பத்துகாணி பகுதிகளில் ஆடு மாடுகளை அடித்துவந்த புலியை வனத்துறை பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். சிறுத்தையோ புலியோ என்றால் பெரும்பாலும் தொண்டையில் ஆழமான ஒரே பிடி. ஓர் ஆட்டைக் கொன்று, இழுத்துச் சென்று, மறைவில் தின்னும். நாயின் வேலை அலங்கோலமாக இருக்கும். பின்னங்கால், தொடை, விலா, காது, மடி என்று பல இடங்களில் கடி. தோல் கிழிந்து தொங்கும். நான்கைந்து ஆடு கிடக்கும், ஒன்றைக்கூட முழுசாகத் தின்றிருக்காது. சில ஆடுகளில் காயமே இருக்காது. ஓடி ஓடி இதயம் நின்றோ, கயிறு மரத்தில் சுற்றிக் கழுத்து இறுகியோ செத்திருக்கும். ஈர மண்ணில் நகத் தடம் தெரிந்தால் நாய் இனம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள், அளவு புரியும். வனவிலங்கு என்றால் இழப்பீட்டு மனு வனத்துறைக்குப் போகும். தடம் அழிந்துவிட்டால் இரண்டு பக்கமும் கதவு அடைபடும்.

கடிபட்ட ஆடு உயிரோடு இருந்தால், நாய் யாருடையது என்ற சண்டை கொஞ்சம் காத்திருக்கட்டும். ரத்தம் பீய்ச்சினால் சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, போவிடோன் அயோடின் போட வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுற்றிலும் முடியைக் கத்தரித்துப் பாருங்கள். வெளியே நான்கு சிறு துளைதான் தெரியும். நாய் கவ்வி உலுக்கியதில் உள்ளே தசை கூழாகியிருக்கும். தோலை அழுத்தும்போது நொறுநொறுவென்று காற்று நகர்ந்தால் நிலைமை மோசம் என்று பொருள். சுருண்டு கிடக்கும் ஆட்டின் வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சாக்கால் போர்த்தி, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள் அல்லது 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள். 'இரண்டு கடிதான், எழுந்து நிற்கிறது' என்று விட்டுவிட்ட ஆடுகள்தான் மூன்றாம் நாள் சீழ் பிடித்தோ, சில வாரம் கழித்து ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டோ சாகின்றன. ஒரு நாள் கடந்தும் அசை போடவில்லை என்றால் மருத்துவரைத் திரும்ப அழைக்க வேண்டும். சினை ஆடு கடிபடாமல் வெறுமனே துரத்தப்பட்டிருந்தாலும் அடுத்த சில நாட்களில் குட்டி வீசிவிடலாம், அதாவது கரு கலைந்துவிடலாம். அதையும் கணக்கில் எழுதி வையுங்கள்.

வெறிநோய் விஷயத்தில் தலைப்புகளைக் குறை சொன்ன நாங்களே, தடுப்பூசியில் அலட்சியம் வேண்டாம் என்றும் சொல்கிறோம். கடிபட்ட ஆட்டுக்குக் கடித்த நாள் தொடங்கி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி. நாயைக் கொல்லாமல் 10 நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். 10 நாளும் நன்றாகத் தின்று நடமாடினால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று கொள்ளலாம். அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் அந்த உறுதி கிடைக்காது; ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தவர், காயத்தைக் கழுவியவர் எல்லோரும் ஊசிக்கு ஓட வேண்டிவரும். ஆட்டில் நோய் வெளிப்படச் சில வாரத்திலிருந்து சில மாதம் ஆகலாம் என்பதால் இந்த 10 நாளின் மதிப்பு பெரிது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் தொடாதீர்கள். செத்த ஆட்டைக் கறிக்குப் போடவும் கூடாது. அறுப்பவரின் கைக்கு ஆபத்து, அதோடு சாட்சியும் போய்விடும். பிரேதப் பரிசோதனை முடிந்தபின், கிணற்றுக்குத் தள்ளி ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஆழம் குறைந்தால் அதே நாய் வந்து தோண்டும்.

பணம். பேச்சுவார்த்தை முறிவது எப்போதும் இங்கேதான். ஆட்டுக்காரர் பக்ரீத் விலை சொல்வார், நாய்க்காரர் கசாப்புக் கடைக்காரர் கழித்துக் கேட்கும் விலையைச் சொல்வார். எடை தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தராசு இல்லாவிட்டாலும், வயிறு உப்புவதற்கு முன் ஓர் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு வரை உள்ள நீளத்தால் அதைப் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் வரும். சுற்றளவு 28, நீளம் 26 என்றால் 20,384-ஐ 660-ஆல் வகுக்க, ஏறத்தாழ 31 கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். அன்றைய உயிர் எடை விலையால் பெருக்கி, சினை என்றால் குட்டிக்கும், கறவை என்றால் மீதிப் பாலுக்கும் சேர்த்து, மருத்துவச் செலவையும் கூட்டுங்கள். தலைச்சேரி போன்ற இன ஆடோ, இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பொலிகிடாவோ என்றால் கறி விலையில் முடிக்கக் கூடாது. வார்டு உறுப்பினர் முன்னிலையில் எழுதி, அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது 4 ஆடு. அத்தகைய ஒரு வீட்டில் இரண்டு ஆடு செத்தால் அது பாதிச் சொத்து. நாய்க்கு விஷம் வைப்பது பெரும்பாலும் ஆடு செத்த அன்று அல்ல. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இரண்டு வாரம் இழுத்தடிக்கப்பட்ட பிறகு.

தர மறுத்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று, காயங்களின் படம், நாயின் படம், காப்பீடு செய்த ஆடு என்றால் அதன் காதில் மாட்டிய அடையாள வில்லை (காதுவில்லை) ஆகியவை கையில் இருக்கட்டும். காதுவில்லையைக் கழற்றித் தொலைத்துவிட்டால் காப்பீட்டுப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இனி நாய் பக்கம். 'ரத்தம் ருசி கண்டுவிட்டது' என்பார்கள். ருசி ரத்தத்தில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஒரு சங்கிலி நாயின் உடம்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அதற்குத் தானே ஒரு பரிசு. அதனால்தான் வயிறு நிறையச் சோறு தின்ற நாயும் துரத்துகிறது, கொன்றதைத் தின்னாமல் அடுத்த ஆட்டுக்குத் தாவுகிறது. சமைத்த கோழி கொடுத்ததால் கோழி பிடிக்கப் பழகியது என்பதும் சரியல்ல. வீட்டுக் குழந்தையோடு கொஞ்சும் நாய் ஆட்டிடம் இப்படி நடந்தால் அதில் முரண் எதுவும் இல்லை, இது கோபமே அல்ல. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை இனங்களின் கலப்பு உள்ளவற்றில் துரத்தல் கண்ணி கூடுதல் பலமாக இருக்கும். முயலுக்குப் பின்னால் விடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரத்தம் அது. தனியாகச் சும்மா இருக்கும் நாய்கூட, துணைக்கு இன்னொன்று சேர்ந்தால் ஆளே மாறிவிடும். கருத்தடை, ஊர் சுற்றலைக் குறைக்கும். வேட்டைப் புத்தியை அது தொடுவதே இல்லை. இதைத் தத்து கொடுப்பவர்கள் பலர் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது, ஆட்டின் முன்னால் வைத்து அடிப்பது போன்ற கை வைத்தியங்கள் இன்றும் நடக்கின்றன. அழுகும் கோழியால் நாய்க்கும் வீட்டுக்கும் நாற்றம்தான் மிச்சம். அடிபட்ட நாய் கற்றுக்கொள்வது, ஆள் பார்க்கும்போது துரத்தக் கூடாது என்பதை மட்டுமே. அதன்பிறகு அது இரவில், சத்தமில்லாமல் போகும்.

மீட்பில் இருக்கும் நண்பர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். நாகர்கோவிலின் சந்துகளில் வளர்ந்த நாய் ஆட்டையே கிட்டத்தில் பார்த்திருக்காது. அதை அருமனைக்கோ குலசேகரத்துக்கோ கொண்டுபோய், சுற்றிலும் ஆடும் கோழியும் மேயும் ரப்பர் தோட்டத்தில் அவிழ்த்துவிடுவதை 'நல்ல வீடு' என்று சொல்ல முடியாது. கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். அரை மணி நேர வேலை. நாய்க்குக் கழுத்தில் ஒன்று, உடலில் ஒன்று என இரண்டு பெல்ட்டும் இரண்டு கயிறும் போட்டு, வேலிக்கு அப்பால் மேயும் ஆட்டுக்கு 30 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு மூன்று விநாடிக்குள் முகத்தைத் திருப்பி, கையில் உள்ள தீனியை வாங்கினால் நல்லது. குரைத்து இழுத்தாலும் பரவாயில்லை, பழக்கிவிடலாம். வாயை மூடி, உடல் விறைத்து, வால் அசையாமல், கண் சிமிட்டாமல் நின்று, மூக்குக்கு நேரே நீட்டிய ஈரல் துண்டைக்கூட வாங்காவிட்டால் அந்த நாயை ஆடு உள்ள இடத்துக்குக் கொடுக்கவே கூடாது. அமைதியாக நிற்கிறது என்று பலர் ஏமாறுவது இந்த மூன்றாவது வகையிடம்தான். இதே சோதனையைக் கூண்டுக் கோழியிடமும் செய்ய வேண்டும். மீட்ட மறுநாள் செய்து பயனில்லை. புது இடத்தில் நாய் முதல் மூன்று நாள் பயத்தில் இருக்கும், மூன்று வாரத்தில் வழக்கம் பிடிபடும், அதன் சொந்தக் குணம் தெரிய மூன்று மாதம்கூட ஆகும். அந்த மூன்று மாதமும் வெளியே கயிறில்லாமல் விடுவதில்லை என்று எழுதி வாங்குங்கள். ஊசி போட்ட தேதி, கருத்தடை, சோதனையில் கண்டது, இதற்குமுன் எதையாவது கடித்ததா என்பதையெல்லாம் அதே தாளில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஒத்துவராவிட்டால் எந்த நாளிலும் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்ற வரி. அந்த வரி இல்லாத தத்துப் பத்திரம் நாயைக் கைகழுவும் பத்திரம்தான்.

அடைப்பு பற்றி. நம் மாவட்டத்து நிலம் இதற்குக் கொஞ்சமும் ஒத்துழைக்காது. விளைகளுக்கு (தோட்ட நிலங்களுக்கு) நடுவே இருக்கும் மண் கையாலை, அதாவது தாழ்ந்த எல்லைச் சுவர், நாய்க்குப் படிக்கட்டு மாதிரி. நான்கடி மதில் ஒரு நாட்டு நாய்க்கு ஒரு தாவல். கம்பிவலை ஆறடி வேண்டும், மேலே ஒன்றரை அடி உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கீழே ஒன்றரை அடி வலையை உள்பக்கமாகத் தரையோடு படுக்கவைத்துக் கல் பாவினால் தோண்டாது. ஆண்டில் இரண்டு பருவமழையும் கண்டு மண் அரிக்கிற இடம் இது. ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் வேலியடியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கேட்டுக்கு அடியில் தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடலும் நுழையும். முழு வேலிக்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு மரங்களுக்கு இடையே 10 மீட்டர் கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். கம்பியின் இரு முனையிலும் மரத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் ஒரு தடுப்பு முடிச்சு, சங்கிலியில் ஒரு சுழல் கொக்கி. இவை இல்லாவிட்டால் நாய் மரத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். காலையும் மாலையும் நாற்பது நிமிடம் நடத்திக் கூட்டிப்போகாமல் இதில் கட்டிப்போட்ட நாய் இன்னும் வெறிகொண்டதாகத்தான் மாறும். ரப்பர் பால் வெட்டுக்கு ஆள் கிளம்பும் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். வீட்டுக் கேட் திறக்கிறது, நாய் பின்னாலேயே போகிறது.

வாய்மூடி போடுவதானால் கூடை போன்றதாக, நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிவதாக இருக்கட்டும். துணியால் வாயைக் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாய் மயங்கி விழும். வாய்மூடி போட்ட நாயும் துரத்தும். கட்டிப்போட்ட சினை ஆட்டை அது கடிக்கவே வேண்டியதில்லை.

ஆட்டுக்காரர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாயின் குற்றத்தை இது குறைக்கிறது என்று வாதிடவில்லை. நீளக் கயிற்றில் ரப்பர் மரத்தில் கட்டிவிட்டுப் போன ஆடு துள்ளும்போது, துரத்தத் தூண்டும் பொருள் அதைவிட வேறில்லை, ஓடவும் வழியில்லை. ஆள் கண்ணில் படும் தூரத்தில் கட்டுங்கள். இரவுக்குப் பரண் கொட்டில் இந்த ஈர மண்ணுக்கு எப்படியும் நல்லது. மூன்று நான்கு அடி உயரம், தரைச் சட்டங்களுக்கு இடையே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் கீழே இருந்து குளம்பைக் கவ்வி இழுத்துவிடும். ஏணியை இரவில் எடுத்துவிடுங்கள், அடிப்பக்கத்தை வலையால் அடையுங்கள். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் கிடை போடும் (இரவில் வலைக்குள் அடைக்கும்) செம்மறிகளுக்கு ஆபத்து வேறு மாதிரி. நாய் ஒன்றைக் கடித்தால் போதும், மொத்தக் கூட்டமும் ஒரு மூலையில் ஏறி மிதித்து மூச்சுத்திணறிச் சாகும். கிடை வலையைச் சதுரமாகக் கட்டாமல் மூலைகளை வளைத்துக் கட்டினால் அது கொஞ்சம் குறையும். (விளவங்கோடு பக்கம் 'பட்டி' என்றால் நாய், ஆரல்வாய்மொழி கணவாய்க்கு அப்பால் 'பட்டி' என்றால் ஆடு அடைக்கும் இடம். ஆடு மேய்க்க வந்த வெளியூர்க் கீதாரியிடம் 'பட்டியைக் கட்டிப்போடுங்கள்' என்றால் வேறு வேலை நடக்கும்.)

பழக்க முடியுமா? ஒரு முறை கோழியைப் பிடித்த இளநாயைப் பெரும்பாலும் முடியும். 5 மீட்டர் கயிறு, உடல் பெல்ட், பட்டாணி அளவு வேகவைத்த ஈரல் துண்டுகள். ஆட்டைப் பார்த்தும் தீனி வாங்கும் தூரம் எதுவோ, அங்கிருந்து தொடங்க வேண்டும். பார்க்கிறது, பெயர் சொல்கிறோம், திரும்புகிறது, உடனே தீனி. பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. மூன்று நாள் தொடர்ந்து தவறாமல் திரும்பினால் இரண்டு மூன்று மீட்டர் நெருங்கலாம். விறைத்து நின்றால் பின்வாங்க வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். நடுவில் ஒரே ஒரு தடவை அவிழ்ந்து ஓடித் துரத்திவிட்டால் செய்த வேலை அத்தனையும் தண்ணீரில். மின்னதிர்ச்சி பெல்ட் வேண்டாம். வலி வரும்போது கண்முன் நிற்கும் ஆட்டின் மீதே நாய் பாயும். எவ்வளவு பழக்கினாலும், ஆடுகளுக்கு நடுவே ஆளில்லாமல் விடலாம் என்ற நிலை வராது. அப்படி வந்துவிட்டது என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

தனியாக, இரண்டாம் முறையும் ஆட்டைக் கொன்ற வளர்ந்த நாய்க்கு ஆடு உள்ள ஊரில் இடமில்லை என்பது எங்கள் முடிவு. இரக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிக்காது, தெரிந்துதான் சொல்கிறோம். அதற்குச் சரியான வழி கொடுத்தவர் திரும்ப எடுப்பது. எடுத்து, ஆடு கோழி இல்லாத நகர வீட்டுக்கு, நடந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது. மாடிக் குடியிருப்பில் கயிற்றோடு மட்டும் வெளியே போகும் அதே நாய் பத்து வருடம் நிம்மதியாக வாழ முடியும். அப்படி ஒரு வீடு கிடைக்காவிட்டால் உயர வேலி உள்ள காப்பகம். ஆனால் இடம் நிரம்பிய காப்பகத்தில் தள்ளிவிட்டு வருவது பிரச்சினையைக் கண்ணுக்கு மறைப்பதுதான். வண்டியில் கொண்டுபோய் விடுவது அடுத்த ஊரின் ஆட்டுக்கு எமனை அனுப்புவது. மலையில் விட்டால் நாயின் நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் போகும். எந்த வழியும் இல்லாமல் ஆயுள் முழுதும் குட்டைச் சங்கிலியா, கால்நடை மருத்துவர் கையால் வலியில்லாத முடிவா என்ற நிலை எப்போதாவது வரும். எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. ஒத்துப்போவது ஒன்றில்: விஷம் வைத்த கறித்துண்டு அந்த நாயோடு நிற்காது. காகம், கீரி, மயில், பக்கத்து வீட்டுப் பூனை, வேறொருவரின் நாய் என்று போகும், குற்றவாளி நாய் மோந்துவிட்டு நகர்ந்தும் போகலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது 'வெறிநாய்' என்று எழுதுமுன், நாய் பிடிபட்டதா, பத்து நாள் கண்காணிப்பில் வைத்தார்களா, பிரேதப் பரிசோதனை நடந்ததா, நாயின் கழுத்தில் பெல்ட் இருந்ததா என்ற நான்கையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
நாய் மீட்பிலும் ஆடு வளர்ப்பிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.